ஓர் அங்குலம் வெளியே

காலை ஒத்திகையில் ரிஸ்வான் மூன்று முறை கம்பை வீசினார். நூலில் தொங்கிய எலுமிச்சை அசையவே இல்லை. கீழே பாயில் கம்பு முனையின் சுண்ணாம்பு மூன்று வெள்ளைத் தடங்களாக விழுந்திருந்தது. மூன்றும் பழத்துக்கு ஓர் அங்குலம் வெளியே.

"ஃபேன் காத்துல ஆடுது," என்றார்.

தங்கை அஃப்ரீன் நிமிர்ந்து பார்த்தாள். மின்விசிறி ஓடவில்லை.

"நானா, இடது கண்ணை டாக்டர்ட்ட காட்டினீங்களா?"

"நீ உன் தையல் மெஷினைப் பாரு. என் கண்ணை நான் பாத்துக்கிறேன்."

அன்று மாலை, சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு மண்டபத்தில், அவர்களுடைய சிலம்பக் கூடத்தின் ஆண்டு விழா. நாகூரிலிருந்து கப்பலில் வந்த கொள்ளுத்தாத்தா தொடங்கிய கூடம். அப்போதிலிருந்து ஒரே வழக்கம்தான். விழா முடிவில், குடும்பத்தில் ஒருவர் வலது கை விரல்நுனிகளில் எலுமிச்சையை நீட்டிப் பிடிப்பார். கூடத்தின் தலைவர், சுண்ணாம்பு தோய்த்த கம்பு முனையால் அதை ஒரே வீச்சில் தட்டிவிட வேண்டும். பிடிப்பவர் அசையக்கூடாது. பழத்தில் சுண்ணாம்பு படாவிட்டால், கம்பும் கூடத்தின் தலைமையும் பழம் பிடித்தவருக்கே போய்விடும். அன்றைக்கே.

பதினோரு ஆண்டுகளாகப் பழம் பிடிப்பவள் அஃப்ரீன். பக்கத்துத் தேக்காவில் தையற்கடை வைத்திருப்பவள், கை நடுங்கியதில்லை. இப்போதைய தலைவரான அண்ணன் தவறினால் கூடம் தனக்கு வரும் என்று அவளுக்குத் தெரியும். ஐம்பத்து மூன்று வயதில் அண்ணனுக்கு அதைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதும் தெரியும்.

மாலையில் மூத்த மாணவர் மருதப்பன் பழத்தை மேடைக்குக் கொண்டுவந்தார்.

"மாஸ்டர், ஒண்ணுதான் வாங்கினேன். வெலை ஏறிப்போச்சு லா. மிஸ் பண்ணிடாதீங்க."

"உன் தலையில வெச்சு நில்லு, மிஸ் பண்ணவே மாட்டேன்."

முன்வரிசை சிரித்தது. ரிஸ்வான் கம்பு முனையைச் சுண்ணாம்பில் தோய்த்தார்.

மேடையோரம் முழங்கிய பறை நின்றது. அஃப்ரீன் கையை நீட்டினாள். கம்பு தலைக்கு மேலே எழுந்தது. அது இறங்கத் தொடங்கிய நொடியில் அவள் கையை, காலையில் தடம் விழுந்த பக்கமாக, ஓர் அங்குலம் வெளியே தள்ளினாள். அரங்கில் யாருக்கும் அது தெரிந்திருக்காது.

எலும்பில் அடி விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. வலி தோள்வரை ஏறியது. பழம் விழுந்து பாயில் உருண்டது.

அரங்கம் எழுந்து கைதட்டியது. யாரோ விசிலடித்தார்கள்.

ரிஸ்வான் ஓடிவந்தார். அவளுடைய இரண்டு விரல்களில் சுண்ணாம்பு அப்பியிருந்தது. அதன் நடுவே இரத்தம் கசிந்தது.

"அசைஞ்சியா?"

"நீங்க மாத்தி வீசினீங்களா?"

"ஒரு அங்குலம் உள்ளே வீசிப் பழகினேன். மத்தியானம் பூரா, கார்பார்க்ல. சரியாத்தான் வந்துச்சு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கைதட்டல் நிற்கவில்லை.

"பழம் விழுந்துடுச்சு, நானா. அவங்களுக்கு அது போதும். விடுங்க."

அவர் குனிந்து பழத்தை எடுத்தார். மெல்லத் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் தோலில் ஒரு பொட்டுக்கூட வெள்ளை இல்லை.

"மருதப்பா, மைக்கைக் கொண்டா."

மருதப்பன் சிரித்தபடியே நீட்டினார்.

"பழத்துல சுண்ணாம்பு இல்ல," என்றார் ரிஸ்வான். "தங்கச்சி விரல்லதான் இருக்கு."

கைதட்டல் நின்றது. அவர் கம்பை இரண்டு கையாலும் தங்கையிடம் நீட்டினார். அவளுடைய வலது கை மடங்கவில்லை. இடது கையால் வாங்கினாள்.

"வா, முதல்ல ஆஸ்பத்திரி," என்றார் அவர்.

"ரெண்டு பேரும்தான்," என்றாள் அஃப்ரீன். "எனக்கு விரல், உங்களுக்குக் கண்ணு. இனிமே கூடத்துல நான் சொல்றதுதான்."