அந்தப் பாம்பு எந்தக் கூட்டம்

1

இந்தக் கதை ஒரு தலையணை உறையிலிருந்து வந்தது. கோயம்புத்தூரில் ஒரு கால்நடை மருத்துவரின் அறைக்கு வெளியே என் பூனையோடு காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு வேட்டிக்காரர். அவர் மடியிலிருந்த தலையணை உறை மூச்சு விட்டது. உள்ளே போவா என்னும் வெளிநாட்டுப் பாம்பு. "மகளுதுங்க," என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அவிநாசியில் பனி இறங்கிய காலையில், பாம்பின் செதில்கள் மெல்ல—'

வேண்டாம். பாம்பென்றால் பளபளப்பு தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. நேராகவே சொல்கிறேன்.

அந்த வேட்டிக்காரர் பெயர் அங்கப்பன், விசைத்தறிக்காரர். சொந்தத்தில் யார் கல்யாணப் பேச்சு எடுத்தாலும் முதலில் அவரிடம்தான் வருவார்கள். ஊரையும் குலதெய்வக் கோயிலையும் விசாரித்தே யார் எந்தக் கூட்டம், அதாவது எந்தக் குலப்பிரிவு, என்று சொல்லிவிடுவார். ஒரே கூட்டமென்றால் பங்காளி. பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. (அவர் எந்தக் கூட்டம் என்று எழுதமாட்டேன். எழுதினால் யாராவது சண்டைக்கு வருவார்கள்.)

அவருடைய ஒரே மகள் நித்யஸ்ரீ விரும்பியது அதே கூட்டத்துப் பையனை.

"அண்ணன் தங்கச்சி மொறை அம்மணி. ஊருக்கே மொறை சொல்றவன் நானு. உடுத்துன துணியோட போயிரு. இனி உன்ற கொரலு என்ற காதுல உழுகக் கூடாது."

போய்விட்டாள். அவள் வளர்த்த பாம்பு கண்ணாடிப் பெட்டியிலேயே தங்கிவிட்டது.

அங்கப்பன் அதை வெறுத்தார் என்று எழுதியிருந்தேன். பொய். காலையும் மாலையும் அவரே பெட்டிக்குள் தண்ணீர் தெளித்தார். மகள் தெளித்ததைப் பார்த்த ஞாபகம். (அவள் தெளித்தது ஜன்னலோரச் செடிக்கு. அதை அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.)

3

டாக்டர் ஹரிதா பாம்பின் வாயோர நுரையைத் துடைத்தார்.

"சளி நெஞ்சு வரைக்கும் எறங்கிப்போட்டுதுங்க. வெக்கற எடம் சரியில்லைன்னா மருந்தும் கேக்காது. போவாவுல உள்வகை நெறையா இருக்குதுங்க. இது மழைக்காட்டு வகையா, வறண்ட நாட்டு வகையா?"

"நம்ம கூட்டமாட்டங்களா?"

"அப்பிடித்தான்னு வெச்சுக்குங்க."

"பாத்தாத் தெரியாதுங்களா?"

"வாலு நெறம், முதுகுப் பட்டையை வெச்சு ஓரளவு சொல்லலாமுங்க. உறுதியாச் சொல்ல முடியாது. உங்க பொண்ணுக்குத் தெரியுமே, ஒரு போன் போட்டுக் கேளுங்க."

"பாக்கறேனுங்க."

அவர் போன் போடவில்லை. துணியில் இழை எண்ணும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். போனில் இருந்த படங்களோடு செதிலை ஒப்பிட்டார். எல்லாப் படமும் இதுவாகவே தெரிந்தது. பாம்பிடம் ஊரைக் கேட்க முடியாது, கோயிலைக் கேட்க முடியாது. அவருக்கு அழுகை வந்தது.

4

முடிவு ஒன்று: போன் செய்கிறார், மகள் சொல்கிறாள், பாம்பு பிழைக்கிறது. எழுதிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

முடிவு இரண்டு: பாம்பு செத்துப்போகிறது, தோட்டத்தில் புதைக்கிறார், அவ்வளவுதான். இதையே வைத்துக்கொண்டேன். குழியையும் மூடியாயிற்று. ஆனால் அங்கப்பன் வீட்டுக்குள் போக மறுத்துவிட்டார். மண் ஒட்டிய கையோடு போனை எடுத்தார்.

5

"நித்யா, அந்தப் பாம்பு என்ன வகை?"

எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் வழியை அவரே அடைத்துவிட்டார். கேட்க மிச்சமிருந்தது இந்த ஒரு கேள்விதான். அதற்கும் இனிப் பயனில்லை.



"வறண்ட நாட்டுதுங்கப்பா. அர்ஜென்டினா. தாயும் தகப்பனும் ஒரே வகைதானுங்க. தண்ணி மட்டும் தெளிச்சுப்போடாதீங்க, சளி புடிச்சுக்கும்." பிறகு, "நீங்களேவா பாத்துக்கறீங்க? எப்பிடி இருக்குதுங்கப்பா?"

செத்துப்போச்சு என்று சொன்னால், அப்பாவும் மகளும் பேச இனி ஒன்றுமே இல்லை. நல்லா இருக்குது என்றால் நாளைக்கும் பேசுவாள். ஒருநாள் பார்க்க வருவாள். வெறும் பெட்டியைப் பார்ப்பாள்.

இரண்டையும் எழுதி இரண்டையும் அடித்துவிட்டேன்.

"அப்பா, லைன்ல இருக்கறீங்களா?" என்கிறாள்.

இருக்கிறார். என்ன சொல்லட்டும் என்று என்னைப் பார்க்கிறார். பிறகு போனை, வாசிக்கிற உங்களிடம் நீட்டுகிறார்.