பத்து லட்சத்து இருபத்திரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு

ஒன்பது வருடங்களுக்குப் பிறகு அண்ணனிடமிருந்து வந்த அஞ்சலட்டையில் நலமா என்று ஒரு சொல் இல்லை. ஓர் எண் மட்டும் இருந்தது: 10,22,117. அதன் கீழே, "முடிஞ்சா உடை."

அச்சகத்தில் பிழை திருத்தும் தம்பிக்கு உடனே விளங்கிவிட்டது. சிறுவயதிலிருந்தே இருவரும் விளையாடிய ஆட்டம் அது. ஒருவர் இரண்டு எண்களைப் பெருக்கி விடையை மட்டும் கொடுப்பார். மற்றவர் அந்த இரண்டையும் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தாலும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும், தோற்றாலும் நேரில் போய் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் வகுபடாத பகா எண்ணைக் கொடுப்பது மட்டும் அழுகுணி ஆட்டம்.

ஒன்பது வருடம் முன்பு ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் அண்ணன் தன்னை 'அரைவேக்காடு' என்றதைத் தம்பி இன்னும் மறக்கவில்லை. இருந்தாலும் அட்டையைப் பார்த்ததும் நெஞ்சு குளிர்ந்தது உண்மை. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கழித்துப்போட்ட தாள்களின் பின்பக்கத்தில் வகுக்க ஆரம்பித்தார். எண்ணின் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அது ஏறக்குறைய ஆயிரம் என்று மனக்கணக்குப் போட்டார். பழைய பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த பகா எண் பட்டியலும், வாகாக, ஆயிரத்தோடு முடிந்தது. மொத்தம் நூற்று அறுபத்தெட்டு எண்கள். பதினோரு நாள் சாப்பாட்டு இடைவேளை அதிலேயே போயிற்று. ஒவ்வொன்றாகக் கையை விரித்தன. கடைசியாக 997. மிச்சம் 192.

கோபம் தலைக்கேறியது. "இது பகா எண். அழுகுணி ஆட்டம் ஆடுற புத்தி இன்னும் போகலயா?" என்று எழுதித் தபாலில் போட்டார். ஊரார் தப்பையெல்லாம் தேடிப் பிடிக்கிறவருக்குத் தன் தப்பு கண்ணில் படவில்லை.

நாற்பது நாள் கழித்து அண்ணன் இறந்த செய்தி வந்தது. படுக்கையில் விழுந்து ஐந்து மாதமாம். தம்பிக்கு யாரும் சொல்லவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் கலைந்த பிறகு அண்ணி, தம்பி எழுதிய அட்டையை எடுத்து வந்தாள்.

"இதப் படிச்சுட்டுச் சிரிச்சாருப்பா. 'ஆயிரத்தோட நிறுத்திட்டான், சோம்பேறி. இன்னும் ஒரே ஒரு தடவ வகுத்திருந்தா போதும். அவனே கண்டுபிடிச்சு ஓடி வருவான் பாரு'ன்னாரு. ஆள் அனுப்பட்டுமான்னு கேட்டேன். 'வேணாம், தானா வரட்டும்'னுட்டாரு. தினம் கேட்டேன். தினமும் அதே பதில்தான்."

தம்பி அட்டையின் ஓரத்திலேயே கணக்குப் போட்டார். ஆயிரத்துக்கு அடுத்த பகா எண் 1009. வகுத்தார். விடை 1013, மிச்சம் பூஜ்யம்.

"ஆயிரத்து ஒம்பது, ஆயிரத்துப் பதிமூணு, அண்ணி" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

அண்ணி அழவில்லை.

"ஜெயிச்சாலும் வந்திருப்பே, தோத்தாலும் வந்திருப்பே" என்றாள். "வராம இருக்க ஒரு வழிய எங்கேருந்துப்பா தேடிப் பிடிச்சே?"