இடது காலைத் தொடாதீங்க

மாடிப்படி ஏறும்போதே அக்கா இடது காலை இழுத்து இழுத்து வைத்தாள்.

"பஸ்ல மடக்கி உட்கார்ந்து மரத்துப்போச்சு. அதுக்குத்தானே இங்க வர்றோம்," என்றாள்.

கீழே கைப்பேசி பழுதுபார்க்கும் கடை, மேலே ஸ்பா. வெளியே வெயிலும் மழையும் மாறி மாறி அடித்துச் சுவரெல்லாம் பாசி பிடித்திருந்தது. ஒரு பகல் முழுக்க எண்ணெய், முகப்பூச்சு, ஆவிக்குளியல் என்று தங்கியிருந்த விடுதியில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து அக்காதான் ஒற்றைக்காலில் நின்று பதிவு செய்தாள். பிள்ளையைக் கணவரிடம் விட்டுவிட்டு அவள் வெளியூர் வந்தது இதுதான் முதல் தடவை.

தங்கையை அக்கா பூனை என்றுதான் கூப்பிடுவாள். வீட்டில் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாது. பூனைக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கே யாரும் அவளைப் பேசச் சொல்வதில்லை.

உடை மாற்றும் அறையில் பூனை துண்டைக் கட்டத் தெரியாமல் திண்டாடினாள்.

"கொஞ்சம் திரும்பி நில்லுக்கா."

"உன்னைக் குளிப்பாட்டி விட்டதே நான்தான். எங்கிட்ட என்ன வெட்கம் வேண்டிக்கிடக்கு?" அக்கா சிரித்தாள். "நல்லவேளை, மாத்திரை போட்டு மாசாந்திர நாளைத் தள்ளி வச்சேன். இல்லைன்னா நீ உள்ள, நான் கீழ மொபைல் கடையில ஈ ஓட்டிக்கிட்டு இருந்திருப்பேன்."

"என்ன மாத்திரை? யாரைக் கேட்டுப் போட்ட?"

"மருந்துக்கடையில கேட்டா குடுக்குறாங்க. இதுக்கெல்லாம் டாக்டரா? வா, வா."

உள்ளே பலகைத் தடுப்பு வைத்துப் பிரித்த சின்னச் சின்ன அறைகள். தடுப்புக்கு மேலே காலியிடம், அதற்கும் மேலே விசிறி. பூனையைப் படுக்கவைத்த பெண் முகத்தில் குளிர்ந்த களிம்பைத் தடவி, கண்களின்மேல் ஈரப்பஞ்சை வைத்தாள்.

"காயிற வரைக்கும் பேசாதீங்க. வெடிச்சுடும்."

பேசாமலிருப்பது பூனைக்குச் சிரமமில்லை. உடம்பு மெல்லத் தளர்ந்தது. பக்கத்து அறையில் எண்ணெய்க் கைகள் தோலில் படும் சத்தம் சீராகக் கேட்டது.

"வலது கால் முடிஞ்சுது," என்றது அங்கிருந்த மசாஜ்காரியின் குரல். "இது என்னம்மா, இந்தக் கால் வீங்கியிருக்கு? சூடா வேற இருக்கு."

"அதுதான் வலிக்குது. நல்லா அழுத்தித் தேயுங்க," என்றாள் அக்கா.

"சுளுக்கா இருக்கும். அடிச்சு எடுத்துடுவோம், விடுங்க."

பஞ்சுக்கு அடியில் பூனையின் கண்கள் திறந்துகொண்டன.

ஒரு கால் மட்டும் வீக்கம். சூடு. நேற்றெல்லாம் பஸ் பயணம். வழியில் கழிப்பறைகள் மோசம் என்று அக்கா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதோடு ரத்தத்தை உறையவைக்கக்கூடிய அந்த மாத்திரை. தனித்தனியாக எல்லாமே சாதாரணம்தான். சேர்த்து வைத்தால், காலுக்குள் ரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கலாம். அழுத்தித் தேய்த்தால் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய் அடைக்கும். அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

போன வருடம் இப்படி ஒருவர் நொண்டிக்கொண்டே வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் காலைப் பிடித்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டாள். முடிவை வாங்க யாருமே வரவில்லை.

ஒருவேளை வெறும் சுளுக்காக இருந்தால்? இத்தனை பேர் நடுவில் அக்காவின் மானத்தை வாங்கினதாகிவிடும். கத்த நினைத்தாள். தடுப்புக்கு அந்தப்பக்கம் மசாஜ்காரி உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடேற்றும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"இடது காலைத் தொடாதீங்க!"

களிம்பு வெடித்து உதிர்ந்தது. துண்டைக் கையில் பிடித்தபடி ஓடி, பக்கத்துக் கதவைத் தட்டினாள். தாழ்ப்பாள் போட்டிருந்தது. மறுபடி தட்டினாள், உதைத்தாள். வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

கதவு திறந்தது. அக்கா தலையை மட்டும் தூக்கினாள்.

"என்னடி, பேய் மாதிரி வந்து நிக்கிற? ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்னை நிம்மதியாப் படுக்க விடமாட்டியா?"

பூனை மண்டியிட்டு இரண்டு கால்களையும் தொட்டுப் பார்த்தாள். இடது ஆடுசதை விறைத்துப் பளபளத்தது. விரல் பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது.

"அக்கா, மூச்சு நல்லா விட முடியுதா?"

"ஏன் முடியாம? படி ஏறினப்ப கொஞ்சம் வாங்குச்சு. வயசாகுதில்ல..." சொல்லிக்கொண்டே வந்தவள் தங்கையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "எதுக்குடி அப்படிப் பார்க்குற?"

அவசரமாக இருவரும் உடுத்திக்கொண்டதும், அக்காவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு மசாஜ்காரிகளும் படியில் இறக்கினார்கள். நாற்காலி ஒவ்வொரு படியிலும் இடிக்க, "மெதுவா, மெதுவா" என்று பூனை கெஞ்சிக்கொண்டே பின்னால் வந்தாள். ஆட்டோ குலுங்கியபோதெல்லாம் அந்தக் காலைத் தன் மடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தொடையில் பசையைத் தடவி ஸ்கேன் கருவியை வைத்து அமுக்கினாள். திரையில் ஒரு கறுப்பு வட்டம். ரத்தக்குழாய் நன்றாக இருந்தால் அமுக்கும்போது ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டவில்லை. பூனையும் அதைப் பார்த்தாள்.

"கட்டி முட்டிக்கு மேல வரைக்கும் இருக்கு. தேய்ச்சாங்களா?"

பூனைக்குத் தெரியவில்லை. அக்காவைப் பார்த்தாள்.

"ஒரே ஒரு தடவை," என்றாள் அக்கா. குரல் சின்னப் பிள்ளையுடையது போலிருந்தது. "கீழேயிருந்து மேல. நீ கத்தினப்பதான் கையை எடுத்தாங்க."

நுரையீரலையும் படம் எடுக்க உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பூனை கதவுக்கு வெளியே நின்றாள். காய்ந்த களிம்பு கன்னத்தைச் சுண்டி இழுத்தது. யாரோ எதையோ கேட்டார்கள், தலையாட்டினாள். கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியாது.

டாக்டரம்மா வெளியே வந்தாள்.

"நுரையீரல்ல ஒண்ணும் இல்ல. கால்லயே நிக்குது. ஊசி போட்டிருக்கேன். மருந்து நல்லா வேலை செய்யணும், அதுவரைக்கும் அது இருக்குற இடத்துலயே இருக்கணும். நான் சொல்ற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது."

கட்டிலில் அக்கா கைகளைக்கூட அசைக்காமல் விறைப்பாகப் படுத்திருந்தாள்.

"பூனை, மூக்கு அரிக்குதுடி. சொறிஞ்சுக்கலாமா?"

"சொறிஞ்சுக்கலாம்க்கா. கையை ஆட்டலாம்."

"வேணாம். நீயே சொறிஞ்சு விடு."

பூனை விரல் நுனியால், மிக மெதுவாக, சொறிந்து விட்டாள். அக்கா சிரிக்கவில்லை. அவள் கண்கள் போர்வைக்கு அடியில் மேடாகத் தெரிந்த இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தன. பூனையும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். தூங்கும் மிருகம் ஒன்றை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல இருவரும் மூச்சைச் சிறிது சிறிதாக விட்டார்கள்.