தம்பிராஜா வீட்டுக் குழாய்

மலாக்காவில் அந்த வருஷம் நல்ல தண்ணீரின் விலை பாட்டில் பதினைந்து சென். சர்க்கரையும் ஆரஞ்சுச் சாயமும் இனாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காஜா பேராங் சடக்கு ஓரம் இருந்த விநாயகம் முதலாளியின் சோடாக் கம்பெனியில் விடியற்காலை ஐந்துக்கே சங்கு ஊதிவிடும். மெர்டேக்காவுக்கு, சுதந்திர நாளுக்கு, இரண்டு வாரம்தான். ஊர் கொடி தைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தோம். காஸ்டிக் காரத் தொட்டியில் கையை விட்டால் விரலிடுக்கு வெந்து தோல் உரியும். அந்தப் புண்ணை உடைந்த பாட்டில் கழுத்து தேடிவந்து கிழிக்கும். காரத்திலிருந்து எடுத்த ஒவ்வொரு பாட்டிலும் குழாய்த் தண்ணீரில் மூன்று முறை குளிக்கும். அந்த யோகம் எங்களுக்கு இல்லை. ஆர்டர் கூடக்கூடத் தண்ணீர் பில்லும் கூடியது என்று நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளின் பொதுக்குழாயை முதலாளி அடைத்துவிட்டார். பின்னால் கிணறு இருக்கிறதே என்றார். கிணற்றை ஒட்டிக் கக்கூஸ் சாக்கடையும் இருந்தது, அதைச் சொல்லவில்லை.

பதினான்கு வீடுகளில் ஒரே வீட்டுக்குத் தண்ணீர் நிற்கவில்லை. எங்களை வேலை வாங்கும் மண்டோர் தம்பிராஜா வீட்டுக்கு. அவன் வாசலில் பூட்டுப் போட்ட குழாய்; சாவி அவன் மனைவி கமலவேணியின் இடுப்பில்.

ஒளிப்பானேன், எனக்கு வயிறு எரிந்தது. நானும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் பசார் கடைக்காரர் வீட்டில் வளர்ந்தவன்; அடுத்தவன் பையில் என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அவன் வீட்டில் இன்று என்ன மீன், எந்தக் கடை அரிசி, பிள்ளைக்கு என்ன சட்டை, எல்லாம் மனப்பாடம். கமலவேணி துணி அலசிய தண்ணீரை வீசிக் கொட்டும் சத்தத்துக்கே என் தொண்டை வறண்டுபோகும்.

ஆடிக் கடைசி வெள்ளியன்று பெருமழை. சாக்கடை நிரம்பிக் கிணற்றுக்குள் வழிந்தது. ஞாயிறு காலை தொட்டியருகே நின்றபடியே என் மனைவி ஜெயா வாந்தி எடுத்தாள். மத்தியானத்துக்குள் வெறும் தண்ணீராகப் பேதி. அதற்குள் ஆறு வீடுகளில் ஒன்பது பேர் படுத்துவிட்டார்கள்.

"தண்ணி குடுத்திராதீங்க தம்பி," என்றாள் பக்கத்து வீட்டு நாகம்மையக்கா. "உள்ள போறதெல்லாம் வெளியதான் வருது."

நம்பினேன். ஜெயா கெஞ்சக் கெஞ்சக் குவளையை ஒளித்துவைத்தேன். மனசு கேட்காமல் கம்பெனியில் திருடிய இஞ்சிச் சோடாவில் நாலு மடக்கு கொடுத்தேன். இன்னும் அதிகமாகப் போயிற்று.

சாயங்காலம் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் கணேசமூர்த்தியைச் சைக்கிளோடு இழுத்துவந்தேன். அவர் ஜெயாவின் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டார். மடிப்பு உடனே மறையவில்லை.

"ஒண்ணுக்குப் போனாங்களா?"

"காலையிலேருந்து இல்லீங்க."

"தண்ணிய நிப்பாட்டுன புத்திசாலி யாரு?"

"நான்தாங்க."

"போறது போகட்டும். போனத திருப்பி ஊத்தணும். ஒடம்பு காஞ்சாத்தான் ஆபத்து. தண்ணிய நல்லாக் கொதிக்க வச்சு ஆத்துங்க. கஞ்சித் தண்ணியில ஒரு சிட்டிகை உப்பு போட்டு கரண்டி கரண்டியா குடுங்க. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் பொறுத்து மறுபடியும் குடுங்க. சோடா கூடாது, அந்த இனிப்பு இன்னும் இழுக்கும். கைய சோப்புப் போட்டுக் கழுவாம பாத்திரத்தத் தொடாதீங்க. ரெண்டு மணி நேரத்துல ஒண்ணுக்கு வரல, இல்ல கண்ணு சொருகுது, ரத்தம் போகுதுன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க. எனக்குக் காத்திருக்காதீங்க."

அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். என் கையில் நனைந்த விறகு. கலங்கிய கிணற்றுத் தண்ணீர். வாசலில் கமலவேணி, கொதிக்கும் கெட்டிலோடு.

"அண்ணே, இதக் குடுங்க. குழாயத் தொறந்து விட்டுட்டேன். எல்லாரையும் வந்து புடிக்கச் சொல்லுங்க."

நல்லவளாக இருக்கவும் அவளுக்குத்தான் முந்திக் கிடைத்தது. அதற்கும் எரிந்தது. கெட்டிலை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு கரண்டி. இன்னொன்று. வாந்தி. பத்து நிமிஷம். மறுபடி ஒரு கரண்டி. இரண்டு மணி நேரம் முடிவதற்குச் சற்று முன் ஜெயா என் தோளைப் பிடித்து எழுந்து, "ஒண்ணுக்கு வருது," என்றாள். கல்யாணத்தன்றுகூட அவள் சொன்ன எதுவும் எனக்கு இவ்வளவு இனித்ததில்லை.

திங்கள் காலை சங்கு ஊதியும் தொட்டிப் பக்கம் ஆளில்லை. முதலாளி லயத்துக்கே வந்தார்.

"கிளேபாங் கடக்கர எறால மூக்கு முட்டத் தின்னுட்டுக் கம்பெனி மேல பழி போடுறீங்களா?"

நான் முன்னால் போனேன். "அதே எறாலத் தம்பிராஜாவும் வாங்குனான், மொதலாளி. நாங்க முப்பது சென்னுக்கு, அவன் அறுபது சென்னுக்கு. அரிசி ஒரே கட. வெள்ளிக்கெழம கோயில் கூழு ஒரே பந்தியில குடிச்சோம். அவன் வீட்டுல ஒருத்தருக்கும் ஏப்பம்கூட கெடையாது. மாறுனது ஒண்ணுதான். அவனுக்குக் குழாய், எங்களுக்குக் கிணறு."

"அவன் வீட்டுக் கத ஒனக்கு எப்படிடா இவ்வளவு தெரியும்?"

"பொறாமதான், மொதலாளி."

லயமே சிரித்தது. தம்பிராஜாவும் சிரித்தான்.

முதலாளி சிரிக்கவில்லை. "ஊருக்குத் தண்ணி ஊத்துன மண்டோரு எனக்கு வேணாம். சாவியக் குடும்மா," என்று கமலவேணியிடம் வாங்கி, என் உள்ளங்கையில் வைத்தார். "சேதுபதி, நீ கூரான ஆளு. இனிமே நீதான் மண்டோரு. பொண்டாட்டிக்கு நல்ல தண்ணி வேணுமில்ல? ஆளுங்கள வேலைக்கு ஏத்து."

சாவி சூடாக இருந்தது. எத்தனை வருஷத்து ஆசை! கதவிடுக்கில் ஜெயா சுவரைப் பிடித்து நின்று என்னையே பார்த்தாள். ஆனால் கேட்காமலே விலையை இறக்குகிறவனுக்கு அவசரம் என்பது பசார்ப் பிள்ளைக்குத் தெரியும். மெர்டேக்கா ஆர்டர் கழுத்தை நெரிக்கிறது. இவருக்குத்தான் நாங்கள் வேண்டும்.

"ஒரு வீட்டுக்கு மட்டும் தண்ணி குடுத்தாப் பத்தாது, மொதலாளி. லயத்துக் குழாயத் தொறங்க. கிணத்த மூடி, சாக்கடையத் தள்ளிக் கட்டுங்க. படுத்தவங்களுக்கு நாள் சம்பளம். மண்டோரு தம்பிராஜாவேதான்."

"இல்லேன்னா?"

"பாட்டிலு குளிக்காது."

சாவியை நாகம்மையக்காவிடம் கொடுத்தேன். அவள் அடுத்தவளிடம். பதினான்கு வீட்டுக் கையும் அதைத் தொட்டது. பிறகு எல்லோரும் கம்பெனி வாசலில் போய் உட்கார்ந்தோம். முதலாளி உள்ளிருந்தே தம்பிராஜா வீட்டுக் குழாயையும் அடைத்தார். மலாய் பேசும் பழைய தமிழர்களான எதிர்வரிசைச் சிட்டிக் குடும்பத்தார் தங்கள் வாசல் குழாயைக் காட்டி, "அம்பில், அம்பில்," என்று மலாயில் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பெண்கள் அங்கே பிடித்துவந்து அடுப்பேற்றினார்கள். வேலை போன தம்பிராஜாவை ஆளாளுக்குத் தட்டிக்கொடுத்தார்கள். எனக்குக் கொஞ்சம் எரிந்தது. அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

திங்கள் சாயங்காலக் கணக்கு: படுத்தவர் ஒன்பது; எழுந்து கஞ்சி குடித்தவர் ஏழு; ஆஸ்பத்திரியில் இருவர், பிழைத்துக்கொள்வார்கள் என்றார் டிரஸ்ஸர். வாசலில் உட்கார்ந்தவர் முப்பத்திரண்டு. உள்ளே போனவர் எவருமில்லை. கழுவிய பாட்டில், பூஜ்யம். லயத்துக்கு வரவேண்டிய குழாய் ஒன்று, இன்னும் பாக்கி.