கப்பலேறிய மறுநாள்

1

இந்தக் கதை, நான் எழுதவேண்டிய ஒரு கட்டுரையை எழுத முடியாமல் போனதால் பிறந்தது. மறைப்பானேன். 'வணிகமும் நிதியும் கைகோத்தால் நாடுகள் வளரும்' என்று ஆரம்பிக்கச் சொல்லியிருந்தார் பத்திரிகை ஆசிரியர். அப்படியே எழுதினேன். பக்கத்து அறையில் அண்ணனும் அண்ணியும் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வரி வரவில்லை.

2

முதல் முயற்சி: உலகப் பொருளாதாரம் என்னும் பெருங்கடலில் ஒரு சிறு... (சே. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: அண்ணி, தோல் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரித்தவர். அண்ணன் அங்கேயே தோல் வெட்டினார். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பேர். (இது இருக்கட்டும்.)

3

வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவரின் வங்கி, முன்கூட்டியே ஓர் உறுதிக் கடிதம் கொடுக்கும். கேட்ட காகிதங்கள் கேட்டபடி வந்தால் பணம். கையுறையை அது கண்ணால்கூடப் பார்க்காது. காகிதங்களில் ஒன்று, கப்பலேறும் முன்பே சரக்கைச் சோதித்தாயிற்று என்ற சான்று.

பதினான்காம் தேதி சரக்கு ஏறியாக வேண்டும். ஆய்வாளரைக் காணோம். "நீங்க ஏத்திடுங்க, நாளைக்கு வந்து கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார் போனில். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். மறுநாள் வந்து, எடுத்துவைத்திருந்த இரண்டு ஜோடியைத் தடவிப் பார்த்தார். சான்றை அண்ணிதான் அடித்துக் கொடுக்கவேண்டும். வழக்கப்படி முந்தின நாள் தேதி, பதினான்கு, போடவேண்டும். அண்ணி பதினைந்து என்று அடித்தார்.

"நேத்துத் தேதி போட்டிருக்கலாமேம்மா?"

"நேத்து நீங்க வரலையே சார்."

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். முதலாளியும் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். முன்பு இரண்டு தடவை இப்படி ஒரு நாள் பிந்திய தேதியோடு போய், வாங்குகிறவர் 'பரவாயில்லை' என்று எழுதிக் கொடுத்து, பணமும் வந்திருக்கிறது.

இந்த முறை சரக்கு கடலில் இருக்கும்போதே அங்கே கையுறை விலை பாதியாக விழுந்தது. தப்பிக்க வழி தேடிய மனிதருக்கு, சரக்கு ஏறிய பிறகு சோதித்ததாகக் காட்டிய அந்த ஒரு நாள் போதும். வேண்டாம் என்றுவிட்டார். வங்கியும் காகிதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டது. பெட்டிகள் யாரும் எடுக்காமல் அந்தத் துறைமுகத்தில் கிடந்தன. மூன்றாம் மாதம் தொழிற்சாலைக்குப் பூட்டு.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: கப்பல் கிளம்பியதுமே அந்தச் சரக்கு நாட்டின் ஏற்றுமதிக் கணக்கில் ஏறிவிட்டது. அந்த ஆண்டு நாடு வளர்ந்தது. கட்டுரையில் நான் பாராட்டவேண்டிய வளர்ச்சியில் அந்தக் கையுறைகளும் உண்டு.)

4

இந்த இடத்தில் எனக்கு அண்ணியின் மேலேயே சந்தேகம் வந்தது. நேர்மையா, பிடிவாதமா, இல்லை வெறும் அசதியா? கேட்டேவிட்டேன். "அன்னைக்குத் தேதி பதினஞ்சு தம்பி. அதைப் போட்டேன். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். நானாக எழுதியிருந்தால் இன்னும் நல்ல வசனமாகக் கொடுத்திருப்பேன்.

5

ஒரு முடிவு: தேதி பதினான்கு. பணம் வருகிறது. அண்ணன் வெட்டுமேசைக்குப் போகிறார்...

இன்னொன்று: பதினைந்து. அண்ணன் கிடங்கில் மூட்டை தூக்கப் போகிறார். அண்ணியோடு பேசுவதை...

இரண்டையும் சாப்பாட்டு நேரத்தில் படித்துக் காட்டினேன். பல மாதங்களுக்குப் பிறகு, அண்ணி இருக்கும் அறையில் அண்ணன் வாயைத் திறந்தார். ஆனால் என்னிடம்தான்.

"பதினாலுன்னு எழுதுடா. கதையிலயாவது அத்தனை பேரும் வேலைக்குப் போகட்டும்."

"பதினஞ்சுதான் எழுதணும்" என்றார் அண்ணி, அவரும் என்னைப் பார்த்தே. "மாத்தினா, எல்லார் வாயிலயும் நான்தான் மண்ணைப் போட்டேன்னு ஆயிடும். விலை விழலைன்னா பதினஞ்சும் செல்லுபடியாயிருக்கும்."

"விலை இவ கையில இல்ல. தேதி இவ கையிலதானே இருந்துச்சு?"

இருவரும் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வுத் தேதி: ............

நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எனக்குத் தைரியமில்லை. எதை எழுதினாலும் இந்த இருவரில் ஒருவர், பாதிச் சாப்பாட்டில் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவார்.