கைமாத்துப் பெட்டி

குப்பையைப் பற்றி மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்த யார் தயார் என்று தலைமையாசிரியை கேட்டபோது, மற்ற ஆசிரியர்கள் எல்லாரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையைத் தூக்கிவிட்டேன். யாராவது "யார்?" என்று கேட்டால் சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு வராது. கூடவே பிறந்த கோளாறு.

வகுப்பின் பின்சுவரோரம் நான்கு அட்டைப் பெட்டிகளை வைத்தேன். முதல் மூன்றும் காகிதம், பிளாஸ்டிக், தகரம். சீக்கிரமே பிள்ளைகள் என்னை மிஞ்சிவிட்டார்கள். பால்மாவு டப்பாவைக் கழுவாமல் கொண்டுவந்த ஒருவனை வாசலிலேயே மறித்துக் குழாயடிக்குத் திருப்பி அனுப்பினார்கள். பிஸ்கட் உறை வெளியே பிளாஸ்டிக், உள்ளே தகரம் மாதிரி பளபளக்கிறதே, அது எந்தப் பெட்டி என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து மல்லுக்கு நின்றார்கள். எனக்கே தெரியவில்லை. "பிஸ்கட்டே வாங்காம இருந்தா பிரச்சினையே இல்ல," என்று சொல்லித் தப்பித்தேன்.

நான்காவது பெட்டிதான் தலைவலி. நமக்கு இனித் தேவைப்படாத, ஆனால் இன்னும் நன்றாக இருக்கிற பொருள்களுக்கு அது. வெள்ளிக்கிழமை ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு போய் நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் பொதுக்கூடத்தில் கொட்டிவிட்டு வருவேன். அங்கே யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கிடையாது. சரி, அந்தப் பெட்டிக்கு என்ன பெயர் எழுதுவது? 'பழைய சாமான்' என்றால் பிள்ளைகள் மூக்கைச் சுளிக்கிறார்கள். 'தானம்' என்றால் கொடுக்கிற பிள்ளைக்குத் தலைக்கனம் வரும், வாங்குகிற பிள்ளைக்குத் தலை குனியும். இரண்டும் எனக்குப் பிடிக்காது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுகிறது, அவ்வளவுதானே? 'கைமாத்து' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன்.

நான்காம் வகுப்புக் கணக்கு வாத்தியார் அந்தப் பக்கமாகப் போனவர் எட்டிப் பார்த்தார். "டீச்சர், கைமாத்துன்னா கடன் இல்லையா?"

"உங்களுக்கு எதைப் பார்த்தாலும் கணக்குதான் சார்."

"சரி, நமக்கென்ன," என்று போய்விட்டார். என் விஷயத்தில் யாராவது மூக்கை நுழைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மழைக்காலம் தொடங்கும் முன் பட்டாசு தன் மழைக்கோட்டைக் கொண்டுவந்தாள். அவள் வாயைத் திறந்தால் தெருக்கோடிவரை கேட்கும், அதனால் அந்தப் பெயர். கோட்டு பச்சை நிறம். தொப்பியின் மேல் தவளைக்கண் ஒன்று முழித்துக்கொண்டிருக்கும். இன்னொரு கண் பிய்ந்துபோய் நூல்தான் தொங்கும். ஊருக்கே தெரிந்த கோட்டு அது. அதைக் கட்டிப்பிடித்து, "போயிட்டு வா, என்ன?" என்று அதன் காதில் சொல்லிவிட்டுப் பெட்டியில் வைத்தாள். எவ்வளவு பெரிய மனசு என்று நான் உருகிப்போனேன். வகுப்பையே கைதட்டச் சொன்னேன்.

இனி ஊசியைச் சொல்ல வேண்டும். ஆண்டு நடுவில் வந்து சேர்ந்த பெண். ஆளும் மெலிவு, பேசினால் வார்த்தையும் குத்தும், அதனால் பிள்ளைகள் வைத்த பெயர். அவளும் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. வந்த புதிதில் கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவைக் கையால் மறைத்துக்கொண்டு சாப்பிடுவாள். மழை பெய்தால் நனைந்துகொண்டே வருவாள். இப்போதுதான் ஒருவழியாக மற்ற பெண்களோடு வட்டமாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்திருந்தாள்.

மழைக்காலம் தொடங்கி, ஒரு திங்கட்கிழமை கொட்டுகிற மழையில் ஊசி உள்ளே வந்தாள், அந்தத் தவளைக் கோட்டோடு.

'அது என்னுது' என்று பட்டாசு ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பெண் மறுபடி கடைசிப் பெஞ்சுக்குப் போய்விடுவாள். நாளையிலிருந்து நனைந்துகொண்டுதான் வருவாள். பட்டாசைத் தாள் வாங்க அலுவலக அறைக்கு அனுப்பிவிடலாம் என்று வாயெடுப்பதற்குள் அவள் வெடித்துவிட்டாள்.

"டீச்சர்! என் கோட்டு திரும்பி வந்துடுச்சு!"

கோபமே இல்லை, அத்தனையும் சந்தோஷம். நேராக ஊசியிடம் போய் இரண்டு கையையும் நீட்டினாள். "தேங்க்ஸ். குடு."

"ஏம்மா, அது நீ குடுத்துட்டது இல்லையா?" என்றேன்.

"கைமாத்தாதானே டீச்சர் குடுத்தேன்? நீங்கதானே எழுதி ஒட்டினீங்க? எங்க அம்மா பக்கத்து வீட்டு அத்தைகிட்ட கைமாத்தா ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கினா, திருப்பித் தரும்போது குமிச்சுத் தருவாங்க. கொஞ்சம் கூடத் தரணுமாம். எனக்கு இது டைட்டாயிடுச்சு. அதான், கைமாத்தா குடுத்தா பெரிசா வரும்னு குடுத்தேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கணக்கு வாத்தியாரின் முகம் வேறு கண்முன் வந்து நின்றது.

ஊசி கோட்டைக் கழற்றினாள். தண்ணீரை உதறினாள். நான்காக மடித்துப் பட்டாசின் மேசைமேல் வைத்தாள். "இந்தா," என்றாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பட்டாசு கோட்டைப் பிரித்து மாட்டினாள். கை முழங்கையிலேயே சிக்கிக்கொண்டது. இழுத்துப் பார்த்தாள், எக்கிப் பார்த்தாள், பொத்தான் துளையை எட்டவில்லை. பின்னால் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"பெரிசாகவே இல்ல டீச்சர்," என்றாள். தொப்பியைத் தலைக்கு இழுத்தவள், கையில் ஏதோ தட்டுப்பட்டு நின்றாள். கழற்றிப் பார்த்தாள். தவளைக்கு இப்போது இரண்டு கண். ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு.

"ஒரு கண்ணு பிஞ்சு போயிருந்துச்சே! இதை யாரு வச்சது?"

"எங்க அம்மா," என்றாள் ஊசி. "சிவப்புப் பட்டன்தான் கிடைச்சுது."

பட்டாசு அந்தச் சிவப்புக் கண்ணைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அப்ப குமிச்சுத்தான் வந்திருக்கு," என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

அப்போதுதான் ஊசி தன் குணத்தைக் காட்டினாள். "உங்க அம்மா வாங்கின அதே சர்க்கரையையா திருப்பித் தருவாங்க?"

"அது எப்படி? அதை டீ போட்டுக் குடிச்சுட்டோமே!"

"அத்தை வீட்ல இல்லன்னா?"

"அவங்க குட்டிப் பொண்ணுகிட்ட குடுத்துட்டு வந்துடுவேன்."

"குட்டிப் பொண்ணுகிட்ட குடுத்தாலும் திருப்பிக் குடுத்த மாதிரிதானே?"

"ஆமா."

"அப்ப எனக்கு இது டைட்டானதும் நானும் ஒரு குட்டிப் பொண்ணுகிட்ட குடுத்துடறேன். சரியா?"

பட்டாசு யோசித்தாள். வகுப்பே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"குமிச்சுத் தரணும்," என்றாள் கடைசியில்.

"தரேன்."

பட்டாசு கோட்டை விரித்துப் பிடித்தாள், ஊசி கையை நுழைத்தாள். "மேல் பட்டன் தானா கழண்டுக்கும், பார்த்துக்கோ," என்று வேறு சொல்லிக்கொடுத்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கரும்பலகைப் பக்கம் திரும்பி, அழிக்க ஒன்றும் இல்லாத பலகையை அழித்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் அந்த எழுத்தைக் கிழித்துவிட்டு வேறு பெயர் ஒட்டலாம் என்று பெட்டியருகே குனிந்தேன். "கிழிக்காதீங்க டீச்சர்!" என்று வட்டமாக உட்கார்ந்திருந்த கூட்டம் முழுவதும் கத்தியது. ஊசியும் அந்த வட்டத்தில்தான் இருந்தாள், டப்பாவை மறைக்காமல். மாலைக்குள் என் கொட்டை எழுத்துக்குக் கீழே யாரோ கோணல்மாணலாக எழுதிவைத்திருந்தார்கள்: 'திருப்பித் தரணும். அதே ஆளுக்கு இல்ல.'

பள்ளி விட்டதும் கணக்கு வாத்தியார் நடையில் வந்து வழிமறித்தார். சங்கதி அவர் காதுக்குப் போயிருந்தது. "கடன்னு நான் அன்னிக்கே சொன்னேன்ல?"

"ஆமா சார். கடன்தான்," என்றேன்.

மனிதர் பயந்துவிட்டார். "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே டீச்சர்?"

வாசலில் மழை விடவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கூரைக்கடியில் வரிசையாக நின்று, கூட்டிப்போக ஆள் வருவதற்காகக் காத்திருந்தார்கள். அந்த வரிசைக்கு எதிரே ஊசி பச்சைக் கோட்டில் நின்று, ஒவ்வொரு பிள்ளையையும் தலையிலிருந்து கால்வரை அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் வீட்டுக்குப் போகலையா நீ?"

"இதோ போறேன் டீச்சர். ஆளைப் பார்த்துட்டேன்." வரிசைக் கடைசியில், புத்தகப்பையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு நின்ற ஒரு பொடிசைக் காட்டினாள். "அதுதான். அதுகிட்ட இன்னும் சொல்லல."

"அதுக்கு இன்னும் நாளாகுமேம்மா."

"ஆகட்டும் டீச்சர்," என்று தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள். "அதுக்குள்ள அம்மாகிட்ட சொல்லி உள்ளே ஒரு பாக்கெட் வைக்கணும்."