கூடாரத்தில் தின்பண்டம் கூடாது

எங்கள் அலுவலக மலையேற்றக் குழுவில் மலை ஏறத் தெரியாத ஒரே உறுப்பினர் நான்தான். என் தொப்பை முன்னால் போகும். நான் மூச்சு வாங்கியபடி பின்னால் போவேன். அந்தத் தகுதியைப் பார்த்துத்தான் சாப்பாட்டுப் பெட்டியை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள்.

கஷ்மீரி கேட் பஸ் நிலையத்தில் ரிஷிகேஷ் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். குழுத் தலைவர் ஜோதிலிங்கம் ஒவ்வொருவர் பையையும் தரையில் கொட்டச் சொல்லி, காலிப் பைக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். பிஸ்கட், ஊறுகாய், பல் தேய்க்கும் பேஸ்ட் எல்லாம் என் இரும்புப் பெட்டிக்குள் போயின. மலையில் அந்தப் பெட்டி கூடாரங்களுக்கு எட்டத்தில், மரக்கிளையில் கயிறு கட்டித் தொங்கும். கூடாரத்துக்குள் ஒரு கடலை மிட்டாய் அகப்பட்டாலும் போதும், ஆளைத் திருப்பி டில்லிக்கே அனுப்பிவிடுவார்.

இந்த விதி போன வருஷம் வந்தது. அவர் மகன் லட்சுமணன், அம்மா சுட்டுக் கொடுத்த முறுக்கைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினான். வாசனைக்குக் கரடி வந்தது. லட்சுமணனை அங்கேயே எரித்துவிட்டு இறங்கினோம். பையன் பாறையில் வழுக்கி விழுந்தான் என்று மனைவி சாந்தகுமாரியிடம் சொன்னார் ஜோதிலிங்கம். முறுக்கு விஷயம் அவள் காதுக்குப் போகவே கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

அந்தச் சாந்தகுமாரிதான் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தாள். கையில் டால்டா டப்பா.

"பிள்ளைகளுக்கு முறுக்கு சுட்டேன், அண்ணாச்சி" என்றாள் என்னிடம்.

ஜோதிலிங்கத்தின் தலை யாரோ ஒருவர் பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

புதிதாகச் சேர்ந்த சேஷு டில்லியிலேயே பிறந்தவன். "அரே வாஹ், ஆன்ட்டி! ஆனா சார் விட மாட்டாரே. போன வருஷம் யாரோ டென்ட்ல சாப்பாடு வெச்சிருந்து கரடி வந்திடுச்சாமே?"

"யாரு வெச்சிருந்தா?" என்று கேட்டாள் சாந்தகுமாரி.

"நான்தான், தங்கச்சி" என்றேன். "என்னைய விட்டா வேற எவன் தின்னுக்கிட்டே தூங்குவான்? தலைமாட்டுல எலுமிச்சை ஊறுகாய். கரடி வந்து மூஞ்சிய நக்கிட்டுது. நான் உங்க வீட்டுக்காரருன்னு நெனச்சு, 'தள்ளிப் படும்வே'ன்னு ஒரு இடி இடிச்சேன். பெறவு வேட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்."

ஓடியும் காட்டினேன். டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு சர்தார்ஜி வழிவிட்டு ஒதுங்கினார்.

சாந்தகுமாரி சிரித்தாள். ஒரு வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு என்மேலேயே கொஞ்சம் மரியாதை வந்த நேரத்தில் அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"அப்பம் அவன் இருந்தானா, அண்ணாச்சி?"

"இருந்தான். விழுந்ததுக்கு முந்தின நாளு."

"சிரிச்சானா?"

லட்சுமணன் கடைசியாகப் போட்ட சத்தத்தைக் கேட்டவன் நான்.

"வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான், தங்கச்சி. நிப்பாட்ட முடியலை."

அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். டப்பாவை என்னிடம் தந்தாள். "வந்ததும் வீட்டுக்கு வாங்க. அவன் என்ன சொன்னான், எப்படிச் சிரிச்சான்னு முழுசாச் சொல்லணும்."

டப்பாவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். பஸ் யமுனைப் பாலத்தில் ஏறியது. பக்கத்தில் இருந்த ஜோதிலிங்கம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே கேட்டார்.

"சிரிச்சிட்டு என்னவே சொன்னான்?"